சாயங்காலம் ஒரு மணி நேரம்: உருப்போடுவதா, வீடியோவா, மூடி வைத்து எழுதுவதா, தமிழில் சொல்லிப் பார்ப்பதா?

ஜூன் நடுவில் பள்ளி திறந்தால் போதும், மும்பை செம்பூரில் என் வீட்டு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். ஏழாவது முதல் பத்தாவது வரை படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிவியலும் மொழிப் பாடங்களும் சொல்லிக்கொடுக்கிறேன். கூட்டிக்கொண்டு வருகிற அம்மாக்கள் வேறு வேறு வார்த்தைகளில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டீச்சர், வீட்ல ஒரு மணி நேரம் உக்கார வைக்கிறதே பெரும்பாடு. அந்த ஒரு மணி நேரத்துல சத்தமா படிக்கச் சொல்லவா, மொபைல்ல வீடியோ போட்டுக் குடுக்கவா, எழுதிப் பாக்கச் சொல்லவா?"

எல்லாமே நல்லதுதான் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. இருப்பது ஒரு மணி நேரம். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கீழே விளையாடப் போனால் இந்தி, பாடமாக மராத்தி, அறிவியல் முழுக்க ஆங்கிலத்தில். ஊரில் ஒரே மொழியில் படிக்கிற பிள்ளையைவிட இவர்களுக்குச் சுமை அதிகம். அந்த ஒரு மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது என்பது நிஜமாகவே ஒரு முடிவு. மனம் எப்படிக் கற்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்து வைத்திருப்பதையும், என் திண்ணையில் நான் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். முதலாவது, படித்தது ஒரு மாதம் கழித்தும் நிற்கிறதா? அன்று ராத்திரி ஒப்பித்ததை நான் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவது, புரியாத இடம் எது என்று அந்த முறை பிள்ளைக்கே காட்டிக்கொடுக்கிறதா? மூன்றாவது, புத்தகத்தில் இல்லாத கேள்வி வந்தால் கைகொடுக்குமா?

நான்காவது, செலவு. ஃபீஸ், டேட்டா பேக் மட்டும் இல்லை. யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டுமா, ஒரே அறையில் டிவி ஓடும் வீட்டில் இது நடக்குமா, பிள்ளைக்கு மனம் விட்டுப்போகுமா என்பதெல்லாம் இதில் சேரும். பெற்றோர் கேட்க மறப்பது இதைத்தான்.

## உருப்போடுவது

மராத்திக்காரர்கள் இதைக் கோகம்பட்டி என்பார்கள், இந்தியில் ரட்டா. டைஜெஸ்ட் என்கிற கேள்வி-பதில் கைடில் உள்ள பதிலைச் சத்தமாகப் பத்துத் தடவை படிப்பது, அடிக்கோடு போடுவது, அதையே நோட்டில் பார்த்து எழுதுவது எல்லாம் இந்த வகைதான். பிள்ளை உழைப்பது கண்ணுக்கும் காதுக்கும் தெரிவதால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

2006இல் அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி இருவரும் கல்லூரி மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றி ஒன்று, கடல்நீர்நாயைப் பற்றி ஒன்று என்று சின்னச் சின்ன அறிவியல் பத்திகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு நான்கு வேளையும் படித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு பிரிவு ஒரு வேளை படித்துவிட்டு, மீதி மூன்று வேளையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து அது அப்படியே தலைகீழானது. படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்களோ படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான்.

உருப்போடுவதன் மறைமுகச் செலவு அந்த நம்பிக்கை. பத்தாவது தடவை படிக்கும்போது வரிகள் பழகிப்போய்விடுகின்றன. பழகியது என்பதைத் தெரிந்தது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. "நேத்து எல்லாம் தெரிஞ்சுது டீச்சர், பேப்பரைப் பாத்ததும் மறந்துடுச்சு" என்று பிள்ளை அழும்போது அது பொய் சொல்லவில்லை. நேற்று அதற்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அதற்காக உருப்போடுவதைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். குறள், மராத்திக் கவிதை, வாய்ப்பாடு என வரிசையும் ஓசையும் மாறாமல் வரவேண்டியவற்றுக்கு வாய் பழகத்தான் வேண்டும். மராத்தி உச்சரிப்பும் சத்தமாகப் படித்தால்தான் வரும். வாரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் இதற்குப் போதும்.

## வீடியோ

"எங்க பையன் பாத்தாத்தான் டீச்சர் புரிஞ்சுப்பான், படிச்சா ஏறாது" என்று சொல்லாத பெற்றோர் குறைவு. பார்த்துக் கற்கிறவர், கேட்டுக் கற்கிறவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்பார்கள் என்ற கருத்தை 2008இல் ஹெரால்டு பாஷ்லரும் மூன்று ஆய்வாளர்களும் அலசிப் பார்த்தார்கள். அதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னார்கள். இதயத்தின் வால்வு எப்படித் திறந்து மூடுகிறது என்பது எந்தப் பிள்ளைக்கும் படமாகப் பார்த்தால்தான் புரியும். கவிதையை எந்தப் பிள்ளையும் கேட்டால்தான் ரசிக்கும். எப்படிக் கற்க வேண்டும் என்பதைப் பாடம்தான் முடிவு செய்கிறது.

ஆகவே கண்ணுக்குத் தெரியாதவை, ஓடிக்கொண்டே இருப்பவை என்றால் வீடியோ நல்லது. மோட்டார் சுற்றுவது, உயிரணு பிரிவது, கிரகணம். காய்ச்சலில் ஒரு வாரம் வகுப்புக்குப் போகாத பிள்ளைக்கும், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கும் வீடியோ பெரிய துணை.

மொழிக்கு இது அவ்வளவு பலமில்லை. பாட்ரீசியா கூல் 2003இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், சீன மொழி பேசும் ஆள் நேரில் வந்து விளையாடியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆள் வீடியோவில் பேசியபோது கற்கவில்லை. எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு இதை அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் மராத்தி பேச வரவேண்டும் என்றால் பக்கத்து வீட்டு மாவ்ஷியோடு (மராத்தியில் சித்தி) பத்து நிமிடம் பேசுவதைத்தான் நான் சொல்வேன். அங்கே பதில் சொல்லியாக வேண்டும், தப்பு வந்தால் அவர் உடனே திருத்துவார்.

செலவு என்று பார்த்தால், ஆறு நிமிட வீடியோவுக்குப் பின்னால் அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் அதிலேயே கரைந்துவிடும். சரளமாகச் சொல்லிக்கொண்டு போகிறவரைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். 2019இல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்த வகுப்பில் அவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். நல்ல விரிவுரையைக் கேட்ட வகுப்பில்தான் அதிகம் கற்றதாக அவர்களுக்குத் தோன்றியது. வீடியோ போட்டால் பாதியில் நிறுத்தி, "இதுவரைக்கும் என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். இடையிடையே இப்படிக் கேள்வி கேட்டபோது விரிவுரை வீடியோ பார்க்கும் மாணவர்களின் கவனம் சிதறுவது குறைந்தது என்பது 2013இல் வந்த ஓர் ஆய்வில் தெரிந்தது.

## மூடி வைத்து எழுதுவது

புத்தகத்தை மூடிவிட்டு, ஞாபகம் இருப்பதை வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்து, பிறகு திறந்து சரிபார்ப்பது. கேள்வி அட்டைகளும் இதில் அடங்கும். 2013இல் ஜான் டன்லாஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டு, மிகவும் பயனுள்ளவை என்று இரண்டைத்தான் சொன்னார்கள். ஒன்று இது, மற்றொன்று இடைவெளி விட்டுப் படிப்பது. அடிக்கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பயன் என்ற வரிசையில் இருந்தன.

மொழிக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2008இல் கார்ப்பிக்கியும் ரோடிகரும் அமெரிக்க மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களைக் கற்பித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் திரும்பத் திரும்பக் கேள்வியாகக் கேட்டவர்கள் ஒரு வாரம் கழித்து 80 சதவீதம் சொன்னார்கள். சரியாகச் சொன்ன பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, படிக்க மட்டும் வைத்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான் நின்றது. நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு தடவை சரியாகச் சொன்னதும், "இது வந்துடுச்சு, அடுத்தது பாரு" என்று போய்விடுகிறோம்.

என் வகுப்பில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை செய்கிறோம். தமிழில் மேசைக்கும் மரத்துக்கும் ஆண்பால் பெண்பால் கிடையாது, எல்லாம் அஃறிணை. மராத்தியில் உயிரில்லாத பொருளுக்கும் மூன்று பால், இந்தியில் இரண்டு. புஸ்தக் என்ற ஒரே சொல்லைப் பாருங்கள். மராத்தியில் அது ஒன்றன்பால் மாதிரி, 'மாஜே புஸ்தக்'. இந்தியில் பெண்பால், 'மேரீ புஸ்தக்'. பிள்ளைகள் இதில் தடுமாறாத நாளே இல்லை. ஒரு பக்கம் பொருளின் படம், மறுபக்கம் இரண்டு மொழியிலும் 'என்னுடைய' சேர்த்து எழுதியது. இரண்டு மொழி அட்டைகளையும் கலந்தே வைக்கிறேன். தனித்தனியாகப் படித்தால் சுலபமாக இருக்கிறது, பரீட்சையில் ஒன்று மற்றொன்றோடு குழம்பிவிடுகிறது.

எவ்வளவு நாள் விட்டுத் திரும்பக் கேட்பது? ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்து 2008இல் வந்த ஓர் ஆய்வின்படி, சோதனை ஒரு வாரத்தில் என்றால் ஒரு நாள் இடைவெளி நல்ல பலன் தந்தது. 35 நாளில் என்றால் சுமார் 11 நாள். யூனிட் டெஸ்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இன்று படித்ததை நாளைக்கே மறுபடி படிக்கச் சொல்வதைவிட, பத்து நாள் போகட்டும் என்று விடுவது மேல்.

இதற்கும் செலவு உண்டு, மறைக்க மாட்டேன். முதல் நாள் வெற்றுத்தாளில் மூன்று வரிதான் வரும். பிள்ளைக்கு முகம் தொங்கிவிடும். "நேத்து படிச்சதுதானே, இது கூடவா தெரியல?" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அடுத்த நாள் தாளைத் தொடாது. அந்த மூன்று வரியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருப்பது பெற்றோரின் பங்கு. அப்புறம், எழுதியதைத் திறந்து சரிபார்க்கவில்லை என்றால் தப்பே பதிந்துபோகலாம். கொஞ்சம்கூடப் புரியாத பாடத்துக்கும் இது உதவாது. உள்ளே இருந்தால்தானே வெளியே எடுக்க முடியும்?

## தமிழில் சொல்லிப் பார்ப்பது

பெற்றோர் அதிகம் தயங்குவது இதற்குத்தான். எனக்கு அதிக நம்பிக்கை இருப்பதும் இதில்தான். "இங்கிலீஷ்ல எழுதணும், தமிழ்ல சொல்லி என்ன டீச்சர் ஆகப்போகுது?" என்பார்கள்.

போன ஜூலையில் ஒரு நாள். விடாத மழை. எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி யூனிட் டெஸ்ட் பேப்பரைக் கொண்டுவந்தாள். ஆவியாதல் என்றால் என்ன என்ற கேள்விக்குக் கொதிநிலைக்குக் கீழேயே திரவம் ஆவியாக மாறுவது என்று அழகான ஆங்கிலத்தில் எழுதி முழு மார்க் வாங்கியிருந்தாள். பால்கனிக் கொடியில் என் மகனின் ஈர யூனிஃபார்ம் தொங்கிக்கொண்டிருந்தது. "இதுல இருக்கிற தண்ணி எங்கே போகும்?" என்று கேட்டேன்.

"கீழே சொட்டிடும்."

"சொட்டறது நின்ன பிறகும் ஈரம் இருக்கே?"

"வெயில் வந்தா காயும் டீச்சர். தண்ணி நூறு டிகிரியில ஆவியாகும்ல?"

வெயில் நூறு டிகிரியா என்று கேட்டதும் நிறுத்திவிட்டாள். தான் எழுதி மார்க் வாங்கிய வரிக்கும், தான் சொன்னதற்கும் நடுவில் இருந்த பள்ளம் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. கொஞ்ச நேரம் துணியையே பார்த்தாள். ராத்திரி ஃபேனுக்குக் கீழே போட்டால் காய்கிறதே என்று அவளே ஆரம்பித்தாள். காற்று எடுத்துக்கொண்டு போகிறது, மடித்துப் போட்டால் காயாது, விரித்துப் போட்டால் காயும், மழை நாளில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது, அதனால் இது போக மாட்டேன் என்கிறது. காற்றின் வேகம், பரப்பு, ஈரப்பதம் மூன்றும் வந்துவிட்டன. எல்லாம் தமிழில், பத்து நிமிடத்தில். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். இரண்டு சொல்லுக்குத்தான் புத்தகத்தைத் திறந்தாள்.

இதற்கு ஆய்வுப் பின்னணி உண்டு. 1994இல் மிஷலின் சீ குழுவினர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரத்த ஓட்டத்தைப் பற்றி 101 வாக்கியங்கள் கொண்ட பாடம் கொடுத்தார்கள். ஒரு பிரிவு ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் அதைத் தனக்குத்தானே விளக்கிக்கொண்டது, இன்னொரு பிரிவு பாடத்தை இரண்டு தடவை படித்தது. விளக்கிக்கொண்டவர்கள்தான் அதிகம் கற்றார்கள். வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது கஷ்டமான கேள்விகளில்.

பிள்ளையின் மனம் வெற்றுப் பலகை இல்லை. 1992இல் ஸ்டெல்லா வோஸ்னியாடூ, வில்லியம் புரூவர் இருவரும் அமெரிக்கக் குழந்தைகளிடம் பூமியைப் பற்றிப் பேசிப் பார்த்தார்கள். பூமி உருண்டை என்று சொன்ன குழந்தைகளிலேயே சிலர், உள்ளே குடைந்த உருண்டையின் தட்டையான தரையில் நாம் நிற்பதாக மனதில் கட்டிவைத்திருந்தார்கள். ஆசிரியர் சொன்னதையும் தன் கண்ணால் பார்த்த தட்டைத் தரையையும் குழந்தை தானாகவே சேர்த்துத் தைத்துக்கொண்டது. மும்பையின் ஹார்பர் ரயில் லைனில் நம் செம்பூர் ஸ்டேஷனுக்கு அடுத்து கோவண்டி, அதற்கடுத்து மான்கூர்ட். அங்கே 1974இல் தொடங்கிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்திலும் மாணவர்களின் இப்படிப்பட்ட மாற்றுப் புரிதல்களை ஆராய்ந்திருக்கிறார்கள். உள்ளே என்ன தைத்து வைத்திருக்கிறது என்று பிள்ளை பேசினால்தான் தெரியும். நம் பிள்ளைகள் தயங்காமல் பேசுவது தமிழில்.

ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறானே, அதிலேயே விளக்கட்டுமே என்றும் கேட்பார்கள். கனடாவுக்குக் குடிவந்த பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், புது மொழியில் பேச்சுப் பழக்கம் சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடத்துக்கான மொழி வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகலாம் என்று 1981இல் எழுதினார். லிஃப்டில் ஆங்கிலம் பேசுவதும், காரணத்தை ஆங்கிலத்தில் சொல்வதும் வேறு வேறு. ஒரு மொழியில் பிடிபட்ட கருத்து அடுத்த மொழிக்கும் கூடவே வரும் என்பதும் கம்மின்ஸ் சொன்னதுதான்.

செலவைச் சொல்கிறேன். கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். தப்பான விளக்கத்தை யாரும் திருத்தாவிட்டால் அது இறுகிவிடும். அன்றாடத் தமிழே சில இடத்தில் வழி மாற்றும். கடையில் நாம் எடை என்று சொல்வது அறிவியலில் நிறை. எடை என்பது புவி ஈர்க்கும் விசை, நிலாவுக்குப் போனால் குறையும். இதைத் தனியாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். கடைசியாக, பரீட்சை ஆங்கிலத்தில். தமிழில் சொல்லி முடித்ததும் அதே நாளில் ஆங்கிலத்தில் நான்கு வரியாவது எழுதாவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

## எந்த வீட்டுக்கு எது

ஏழாவது, எட்டாவது என்றால் அறிவியல் நாட்களில் தமிழில் சொல்லிப் பார்ப்பதையே நான் முதலில் வைப்பேன். அம்மாவுக்குப் பாடம் தெரியாவிட்டால் பரவாயில்லை. சமைத்துக்கொண்டே "ஏன்?", "அப்படின்னா இது எப்படி?" என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். பிள்ளை தடுமாறிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும்.

மொழிப் பாட நாட்களில் அட்டைதான். பதினைந்து நிமிடம், கலந்து வைத்து, சரியாக வந்ததையும் விடாமல்.

பத்தாவது வேறு கதை. எஸ்.எஸ்.சி. என்கிற பத்தாவது பொதுத்தேர்வில் அறிவியல் இரண்டு தாள், மூன்று மொழி. ஜனவரி வந்த பிறகு எல்லாப் பாடத்தையும் தமிழில் விளக்க நேரம் இருக்காது. அப்போது மூடி வைத்து எழுதுவதற்குத்தான் பெரும் பங்கு. தாளில் காலியாக நிற்கும் இடத்துக்கு மட்டும் விளக்கம், அதுவும் பிடிபடாவிட்டால் ஐந்து நிமிட வீடியோ. டைஜெஸ்டைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் எழுதிவிட்டு அதைத் திறக்கட்டும்.

அப்பா நைட் ஷிஃப்ட், அம்மா வேலையிலிருந்து எட்டரைக்கு வருகிறார், ஒரே அறை, டிவி ஓடுகிறது என்ற வீடுகளும் எனக்குத் தெரியும். அங்கே சத்தமாகப் படிப்பதும் நடக்காது, கேட்க ஆளும் இருக்காது. வெற்றுத்தாளுக்கு ஆளும் வேண்டாம், அமைதியும் அவ்வளவு வேண்டாம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் அட்டையைப் பெரியவளிடம் கொடுத்துச் சின்னவனைக் கேட்கச் சொல்லுங்கள், பிறகு மாற்றுங்கள். அட்டையின் பின்னால் விடை இருப்பதால் ஐந்தாவது படிக்கிறவன் ஒன்பதாவது அக்காவையும் கேட்கலாம். என்னிடம் வரும் அக்கா தம்பி ஒரு ஜோடி இதைக் கட்டிலுக்கு மேலே உட்கார்ந்து செய்கிறார்கள். தப்பாகச் சொன்ன அட்டை தலையணைக்கு அடியில் போகும், மறுநாள் அதிலிருந்துதான் ஆரம்பம்.